அக்கினி மூலையில் ஆயிரத்து எண்ணூறு மைல்

1

என் மனைவி பாக்கியம் மலாக்காவுக்கு வந்து இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது. காலையில் அவளிடம் அதைச் சொன்னேன்.

"ஒரு வருசந்தானா? மூணு இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று புரியாமல் காப்பியைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். காஜா பேராங்கிலிருந்து ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ரப்பர் கிடங்குக்குப் பத்து நிமிட மிதி. அங்கே நான் கிராணி. நம் ஊரில் குமாஸ்தா என்பதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்துச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். என் அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இன்னும் கைநாட்டுதான். ஆகவே நான் எழுதும் கடிதங்களை அஞ்சல்காரர்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறார். போகிற போக்கில் ஊருக்கே படித்துக் காட்டுகிறார் என்று கேள்வி. அதனால்தான் என் கடிதங்களில் நான் எப்போதும் நலமாக இருக்கிறேன்.

நாலைந்து வருடத்தில் நாக்கு மாறிப் போகிறது. ஒருமுறை, "இங்கே எல்லாம் கொஞ்சம் சூசா" என்று எழுதிவிட்டேன். மலாயில் சூசா என்றால் சிரமம். அது என் பேனாவுக்குள் எப்போது புகுந்தது என்று எனக்கே தெரியாது. பதினைந்தாம் நாள் அப்பாவிடமிருந்து பதில்: "சூசா என்பவள் யார்? உடனே விவரம் எழுதவும்." அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விவரம் எழுதுவதற்குள் எனக்கு வியர்த்துப் போயிற்று.

2

பாக்கியத்தைக் கல்யாணம் செய்துகொண்டு ஒரு மாத விடுப்பு முடிந்ததும் நான் மட்டும் கப்பலேறித் திரும்பினேன். மனைவியைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். பழைய காலம் போல நினைத்த நேரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்க முடியாது என்பதை, விண்ணப்பம் போட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

முதல் விண்ணப்பத்தில் மனைவியின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருந்தது. நமக்கு ஏது அது? காலியாக விட்டேன். திரும்பி வந்தது. இரண்டாவது முறை என் பெயரையே அவள் குடும்பப் பெயராக எழுதினேன். அப்படியானால் கல்யாணத்துக்கு முன்பே இருவருக்கும் ஒரே குடும்பப் பெயரா, நீங்கள் சகோதர சகோதரியா என்று விளக்கம் கேட்டு வந்தது. மூன்றாவது முறை குடியேற்ற அலுவலகத்துக்கு நேரிலேயே போய் நின்றேன். அங்கிருந்தவர் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அவரே ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அனுமதி வந்தது. மெர்டேக்கா வரப்போகிற மாதத்தின் கடைசித் தேதிக்குள் ஆள் வந்து இறங்கிவிட வேண்டும். மெர்டேக்கா என்றால் சுதந்திரம். ஊர் முழுக்க மூங்கிலும் தென்னங்கீற்றுமாகத் தோரண வாயில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தேதி தாண்டினால்?" என்று அந்த அதிகாரியிடமே கேட்டேன்.

"தாண்டினால் புது அரசாங்கம், புதுச் சட்டம், புது விண்ணப்பம். ஒரு வருடமோ, மூன்று வருடமோ, எனக்கே இங்கே நாற்காலி இருக்குமோ என்னவோ" என்றார்.

ஒன்றரை மாதம் அவகாசம் இருந்தது. கப்பலுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அனுமதிக் காகிதம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆடி பிறந்திருந்தது. ஆடியில் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. "ஆவணி பிறக்கட்டும் மாப்பிள்ளை" என்று மாமனார் சாமிக்கண்ணு யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். ஆவணி பிறந்தது. நாகப்பட்டினத்துக் கப்பலில் இடம் போயிருந்தது. அடுத்த கப்பல், தேதிக்குப் பிறகு.

மிச்சம் இருந்தது ஆகாயம் ஒன்றுதான். மதராசிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம். கப்பலில் ஏழெட்டு நாள் போகிற தூரத்தை அது ஏழெட்டு மணி நேரத்தில் கடந்துவிடும். காசு விஷயத்தை விடுங்கள், அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. தேதிக்குள் இடம் இருந்த விமானம் ஒன்றே ஒன்று, சனிக்கிழமை காலையில் கிளம்புவது. இடத்தைப் பிடித்துவிட்டு மாமனாருக்குத் தந்தி கொடுத்தேன். மூன்றாம் நாள் பதில் தந்தி வந்தது.

"சனி கிழக்கே சூலம். அனுப்ப இயலாது."

3

நம் ஊர்க்காரர்களுக்குச் சூலத்தை விளக்க வேண்டியதில்லை. திங்களும் சனியும் கிழக்கே போகக் கூடாது. நாட்காட்டியின் கீழ்மூலையிலேயே போட்டிருக்கும். அதற்குப் பரிகாரமும் பக்கத்திலேயே போட்டிருக்கும், தயிர். ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தோஷம் இல்லை. நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் பின்னாலேயே வந்த கடிதத்தில் மாமனார் முந்திக்கொண்டிருந்தார்: "தயிர் எல்லாம் ஒரத்தநாட்டுச் சந்தைக்குப் போக. கடல் தாண்டத் தயிர் போதாது."

அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் உண்டு. அவருடைய தம்பி ஒருவர் யுத்தத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை பர்மாவுக்குக் கப்பலேறினார். அதோடு சரி. கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. அன்றைக்கு மூட்டையைத் தலையில் வைத்து வழியனுப்பியவர் என் மாமனார்தான். அப்படிப்பட்டவருக்கு "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று எழுத, நான் படித்த படிப்பு இடம் கொடுக்கவில்லை.

படிப்பு வேறொரு வழியைக் காட்டியது. சூலம் கிழக்குக்குத்தானே? மதராசிலிருந்து சிங்கப்பூர் கிழக்கா?

பக்கத்து வீட்டு நடராஜாவிடம் போனேன். அவன் நில அளவை வேலையில் படம் வரைகிறவன். என் வயதுதான். மலாக்காச் செட்டி வம்சம். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, வீட்டு வாசலில் மாவிலை. பேச்சு மட்டும் மலாய். பொங்கலும் திருநீறும் மாதிரி சில தமிழ்ச் சொற்கள் அந்தப் பேச்சுக்குள் சாதத்தில் கல் போல அகப்படும். அவனுடைய பெண் குழந்தை முருகனிடம் மலாயில் வேண்டிக்கொள்வதை முதல்முறை கேட்டபோது எனக்கு ஒரு பயம் வந்தது. நாளை என் பிள்ளைகளும் இப்படித்தானோ என்று. அதற்கு முதலில் மனைவி வந்து சேர வேண்டும் என்பது அடுத்தபடியாக நினைவுக்கு வந்தது.

என் அரைகுறை மலாயில் நான் சொன்ன விஷயத்தை நடராஜா கேட்டுவிட்டு, "செனாங் லா!" என்றான். சுலபம் என்று அர்த்தம். பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து, மதராசில் ஓர் ஊசி, சிங்கப்பூரில் ஓர் ஊசி குத்தி, நடுவே நூலைக் கட்டினான். நான் நூலின் நீளத்தை அளந்தேன். சற்றேறக்குறைய ஆயிரத்து எண்ணூறு மைல். அவன் கோணமானியை மதராசின் மேல் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"கிழக்கில் இருந்து தெற்குப் பக்கம் இருபத்தைந்து பாகை."

"அது கிழக்கா, தென்கிழக்கா?"

"திசை எட்டு. ஒவ்வொரு திசைக்கும் இரண்டு பக்கமும் இருபத்திரண்டரை. அதைத் தாண்டினால் தென்கிழக்கு." கண்ணைத் திறந்து சிரித்தான். "உன் மனைவி இரண்டரைப் பாகையில் தப்பித்தாள்."

அவன் மனைவி லெட்சுமி அடுப்படியிலிருந்து மலாயில் ஏதோ கத்தினாள். "கோணமானி ஆடியிருந்தால்?" என்று கேட்கிறாளாம்.

"ஆடவில்லை என்று சொல்" என்றேன்.

"நீயே சொல். அவள் எனக்குப் பயப்பட மாட்டாள்."

4

தந்தி அலுவலகத்தில் நான் நீட்டிய காகிதத்தை அங்கிருந்த பெரியவர் இரண்டு தடவை படித்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்: "திசை கிழக்கு அல்ல. கிழக்கின் எல்லை இருபத்திரண்டரைப் பாகை, இது தென்கிழக்கு இருபத்தைந்து பாகை, ஆயிரத்து எண்ணூறு மைல். சனிக்கிழமை ஆபத்து இல்லை. அனுப்பவும்."

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு இன்னும் துப்பாக்கிச் சண்டை ஓயாத காலம். திசையும் பாகையும் ஆபத்தும் அனுப்புதலும் ஒரே காகிதத்தில் இருந்தால் யார்தான் யோசிக்க மாட்டார்?

"என்ன அனுப்பச் சொல்கிறாய், இளைஞனே?" மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என் மனைவியை, ஐயா."

"தென்கிழக்காகவா?"

"விமானத்தில், ஐயா. கிழக்கே போனால் மாமனார் விட மாட்டார்."

அவர் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். "எனக்கும் ஒரு மாமனார் இருந்தார்" என்றார்.

பதில் நான்கு நாளில் வந்தது. விமானத் தபாலில், நான்கு பக்கம். மாமனார் என் கணக்கை எடுத்துக்கொண்டு பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் போயிருக்கிறார். அவர் யோசித்துவிட்டு, "மாப்பிள்ளை சொல்றது சரிதான், அக்கினி மூலைக்குச் சனிக்கிழமை சூலம் கிடையாது" என்று ஒத்துக்கொண்டாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"ஆனால் மாப்பிள்ளை, இருபத்திரண்டரைக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் இருப்பது இரண்டரைப் பாகை. விமானம் ஓட்டுகிறவன் ஒரு கை இழுத்துவிட்டால் கிழக்கு ஆகிவிடும். ஒரே மகளை இரண்டரைப் பாகையை நம்பி அனுப்ப என் மனம் கேட்கவில்லை. ஆகையால் வெள்ளிக்கிழமையே பரஸ்தானம் செய்துவிடுகிறேன். அதற்கு மேல் அவள் பாக்கியம்."

பரஸ்தானம் என்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போக வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில், பயணம் போகிறவரின் பொருள் ஒன்றை எடுத்துப் போகும் திசையில் இன்னொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அன்றைக்கே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் ஆள் போய்ப் பொருளோடு சேர்ந்துகொண்டால் தோஷம் ஒட்டாது. எவ்வளவு அழகான ஏற்பாடு! மறுநாள் ஆள் போய்ப் பொருளோடு சேர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

5

சனிக்கிழமை மாலை சிங்கப்பூர் விமான நிலையத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். விமானம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். கோட்டு போட்டவர்கள், குழந்தை வைத்திருந்தவர்கள், ஒரு சாமியார். கடைசியாகப் பாக்கியம். கையில் ஒரு மஞ்சள் துணிப் பொட்டலம், இன்னொரு கையில் ஓர் ஆண்பிள்ளைக் குடை. வேறு ஒன்றும் இல்லை.

குடியேற்ற மேசையில் ஒரு வெள்ளைக்கார இளைஞர் இருந்தார். கடவுச்சீட்டைப் பார்த்தார், அனுமதியைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. என்னைக் கைகாட்டினாள். உள்ளே கூப்பிட்டார்கள்.

"இந்த அம்மாள் நிரந்தரமாக வாழ வந்திருக்கிறார் என்று காகிதம் சொல்கிறது" என்றார் அவர். "பெட்டி எங்கே?"

நான் அவளிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். "பெட்டி நேற்றே கிளம்பிவிட்டது, சார்."

"நேற்றா? எந்த விமானத்தில்?"

"விமானத்தில் இல்லை. மயிலாப்பூருக்கு."

"மயிலாப்பூர் என்பது சிங்கப்பூர்ப் பக்கமா?"

"கிளம்பிய வீட்டைவிட மூன்று மைல் அளவுக்குப் பக்கம், சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இங்கே வாழ வருகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறவர். தகரப்பெட்டி, பாய்ச்சுருள், ஊறுகாய் ஜாடி, அம்மி என்று வருவார்கள். ஒரு மாற்றுப் புடவைகூட இல்லாமல் ஒரு பெண் வந்து நின்றால் காகிதத்தின் மேல்தான் சந்தேகம் வரும். அன்றைக்குத் திருப்பி அனுப்பினால் அடுத்த விமானம் வருவதற்குள் தேதி முடிந்துவிடும்.

"கேளுங்கள். வாழ வருகிறவர் ஏன் ஒன்றுமே கொண்டுவரவில்லை?"

கேட்டேன். அவள் அவரையே பார்த்துச் சொன்னாள், தமிழில், நடுக்கமில்லாமல்:

"திரும்பிப் போறவங்கதாங்க பெட்டி தூக்கிட்டு வருவாங்க. இருக்க வந்தவளுக்கு எதுக்குப் பெட்டி?"

நான் சொன்ன ஆங்கிலத்தில் இதில் பாதிதான் இருந்திருக்கும். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்தார். முத்திரை விழுந்தது.

6

இரவு நண்பர் வீட்டில் தங்கி, மறுநாள் பேருந்தில் மலாக்காவுக்கு வரும் வழியில்தான் முழுக் கதையும் வெளியே வந்தது.

அப்பாவும் மகளும் சைதாப்பேட்டையில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். விமான நிலையம் அங்கிருந்து பக்கம். ஆனால் அது தென்மேற்கில். பரஸ்தானமோ கடல் பக்கமாகக் கிழக்கே போக வேண்டும். எனவே மாமனார் வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை வண்டியில் ஏற்றி, நேர் எதிர்த்திசையில் மயிலாப்பூரில் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அது மட்டுமா? "பயணத்தோட உசிரு எதுவோ அதுதான் மொதல்ல கெளம்பணும்" என்று சொல்லி, கடவுச்சீட்டையும் அனுமதியையும் பயணச்சீட்டையும் மஞ்சள் துணியில் முடிந்து அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் வாடகைக் காரில் போய் இறங்கினால் வீடு பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை ஆயிற்றே, குடும்பத்தோடு பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். எந்தக் கோயில் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

"அப்பா அப்படியே படியில ஒக்காந்துட்டாங்க" என்றாள் பாக்கியம். "'நான் அப்பவே சொன்னேன், சனிக்கிழமை, சனிக்கிழமை'ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காங்க. நான் சன்னல் வழியா எட்டிப் பாக்குறேன். பெட்டி கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு. கம்பிக்குள்ள தோள் வரைக்கும் கைய வுட்டுட்டேன். நீங்க ஆயிரத்து எண்ணூறு மைல்னு எழுதுனீங்க. எனக்கு ஒரு சாண்தான் எட்டல."

"அப்புறம்?"

"அப்பா கொடைய வாங்கி, பிடிய பெட்டி வளையத்துல மாட்டி இழுத்தேன். சாவி என் கழுத்துல. மூடிய அரைவாசி தெறந்து முடிச்ச எடுத்துட்டேன். பெட்டி கம்பிக்குள்ள வராது. 'அடுத்த வெள்ளிக்கெழமை பெட்டியோட சேந்து போலாம்மா'ன்னு அப்பா சொன்னாங்க. நான் கார்ல ஏறி ஒக்காந்துட்டேன். கொட கையிலயே வந்துருச்சு."

"உனக்குப் பயமா இல்லையா?"

"எதுக்கு?"

"சூலம்... விமானம்..."

"ரெண்டு வருசமா ஊருல, 'ஒன் புருசன் எப்பக் கூப்புடுவான், எப்பக் கூப்புடுவான்'னு கேட்டாங்களே, அதுக்குத்தான் பயம்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மூவாரில் படகுத்துறையில் பேருந்து காத்து நின்றபோது அவளுக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். கோணமானி பற்றி நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு முழுவதும் எனக்குள்ளேயே தங்கிவிட்டது.

7

ஞாயிறு மாலை வந்து சேர்ந்தோம். ஜாலான் பெண்டஹாரா ஜவுளிக் கடைகள் சாத்தியிருந்தன. இரண்டு நாளாகக் கட்டிய புடவையோடு பாக்கியம் வாசலில் நின்றாள். லெட்சுமி ஓடி வந்தாள்.

"காக்கா, இதுதான் என் மனைவி" என்று அறிமுகம் செய்தேன். அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது.

பாக்கியம் என் சட்டையை இழுத்தாள். "ஒரு பொம்பளயப் பாத்துக் காக்காங்கறீங்க? அவங்க மூஞ்சி நல்லாத்தானே இருக்கு?"

விளக்குவதற்குள் லெட்சுமி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டாள். ஒருவருக்கு மலாய் மட்டும், இன்னொருவருக்குத் தமிழ் மட்டும். ஆனாலும் உள்ளே ஒரே பேச்சும் சிரிப்பும். நானும் நடராஜாவும் வாசலில் சாமியாடி முடித்தவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். அரைமணி கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். பாக்கியம் பூப்போட்ட கைலியும், முன்னால் ஊசி குத்திய மெல்லிய கெபாயாச் சட்டையும் போட்டிருந்தாள். இங்கத்துச் செட்டிப் பெண்களின் உடுப்பு. நெற்றியில் பட்டையாகத் திருநீறு. எனக்குத் திக்கென்றது. வந்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை!

"புடவ காயிற வரைக்கும்தான்" என்றாள், என் முகத்தைப் படித்துவிட்டு. பிறகு இரண்டு எட்டு நடந்து பார்த்தாள். திரும்பி வந்தாள். "இதுல கால் தடுக்கல."

அன்றைக்கே மாமனாருக்குச் சேதி எழுத உட்கார்ந்தேன். அவர் அங்கே தூங்கியிருக்க மாட்டார். 'மகள் பத்திரமாக வந்து சேர்ந்தாள், முத்திரை விழுந்தது, சூலம் ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதினேன். பெட்டியை மயிலாப்பூரிலிருந்து எடுத்து அடுத்த கப்பலிலேயே தவறாமல் அனுப்பவும் என்று எழுதப் போனபோது, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"என்ன எழுதுறீங்க?"

சொன்னேன்.

அவள் கெபாயாவின் கைநுனியை ஒரு முறை நீவிவிட்டுக்கொண்டாள்.

"பெட்டிக்கு ஒண்ணும் அவசரமில்லன்னு எழுதுங்க."